செய்வினையும் செயப்பாட்டு வினையும்: கோணமலைக் கல்வெட்டை முன்வைத்து ஒரு நோக்கு

ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்கும் மாணவர் எவரும் தப்பிச் செல்ல முடியாத பயிற்சிகளுள் ஒன்று, செய்வினை வாக்கியத்தைச் செயப்பாட்டு வினை வாக்கியமாகவும், பின்னதை முன்னதாகவும் மாற்றி எழுதுதலாகும். செயப்படுபொருளை எழுவாயின் இடத்தில் வைத்தல், காலத்துக்கேற்ற துணைவினையை இட்டு வினையின் வடிவை மாற்றுதல், வினையைச் செய்தவரை 'பை' என்னும் முன்னிடைச் சொல்லோடு இறுதியிற் சேர்த்தல் என மூன்று விதிகளுள் அப்பயிற்சி அடங்கிவிடும். விதி பிழையாதவரை புள்ளி குறைவதில்லை. ஆயினும் இப்பயிற்சி வெளிப்படக் கூறாது மாணவர் மனத்தில் ஊன்றிவிடும் கொள்கையொன்று உண்டு. மாற்றுவதற்கு முன்னுள்ள வாக்கியமும் பின்னுள்ள வாக்கியமும் பொருளால் ஒன்றே என்பதே அக்கொள்கை. இக்கொள்கை ஆங்கிலத்துக்கு எவ்வளவு பொருந்தும் என்பதும், அதே பழக்கத்தோடு தமிழ் எழுதப்படும்போது விளைவது யாது என்பதும் ஆராயத்தக்கன. பல கைகள் மாறிய திருகோணமலைத் துறைமுகத்தைப் பற்றிய வாக்கியங்கள் இவ்வாராய்ச்சிக்கு நல்ல உரைகல்லாகும்.

ஆங்கிலத்திலேயே இவ்விரு வடிவங்களும் ஒன்றற்கொன்று ஈடானவை அல்ல. டென்மார்க் நாட்டு மொழியறிஞர் ஒட்டோ ஜெஸ்பர்சன் 1924ஆம் ஆண்டு வெளியிட்ட இலக்கணத் தத்துவ நூலில், ஆங்கில எழுத்தாளர் கையாளும் செயப்பாட்டு வாக்கியங்களில் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டவற்றில் வினைமுதல் குறிக்கப்படுவதே இல்லை எனக் காட்டினார். வகுப்பறைப் பயிற்சியில் வினைமுதல் பெரும்பாலும் தவறாது இடம்பெறுகின்றது; வழக்கிலோ அது பெரும்பாலும் இல்லை. எனவே பயிற்சி கற்பிப்பது வழக்கிலுள்ள செயப்பாட்டு வினையை அன்று. 1957ஆம் ஆண்டில் நோம் சோம்ஸ்கி, செய்வினையிலிருந்து செயப்பாட்டு வினையை ஆக்கும் மாற்று விதியை வகுத்தபோதே, அளவைக் குறிக்கும் சொற்கள் வருமிடத்து மாற்றத்தின்பின் பொருள் வேறுபடக்கூடும் என்பதையும் சுட்டினார். துறைமுகத்துக்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். 'ஒவ்வொரு மாலுமியும் இரு மொழிகளை அறிவான்' என்றால், ஒருவன் அறிந்த மொழிகள் வேறு, மற்றவன் அறிந்தவை வேறு ஆகலாம். 'இரு மொழிகள் ஒவ்வொரு மாலுமியாலும் அறியப்பட்டுள்ளன' என்றால், எல்லோரும் அறிந்தவை அதே இரு மொழிகள் என்ற எண்ணம் எழுகின்றது. சொற்கள் மாறவில்லை; செய்தி மாறிவிட்டது.

இனி, தமிழை நோக்குமிடத்து இருவகை மிகைக்கூற்றுக்கள் எதிர்ப்படுகின்றன. செயப்பாட்டு வினை ஆங்கிலத்தாலே தமிழுக்கு வந்தது, ஆதலால் அதனை முற்றாகக் களைய வேண்டும் என்பது ஒன்று. ஆங்கிலத்திலுள்ளது போன்றே தமிழிலும் எவ்விடத்தும் அதனை ஆளலாம் என்பது மற்றையது. முதற் கூற்றுக்குத் தொல்காப்பியமே மறுப்பாகின்றது. 'செயப்படுபொருள்' என்ற இலக்கணக் குறியீட்டிலேயே 'படு' நின்று அவ்வடிவின் தொன்மையைக் காட்டுகின்றது. திருக்குறளிலும் 'படு' சேர்ந்த முற்றுக்கள் உள. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலரின் இலக்கணச் சுருக்கம் செயப்பாட்டு வினையைத் தனியே எடுத்து விளக்குகின்றது. இரண்டாம் கூற்றுக்கு மறுப்பாக அமைவது கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணம். திராவிட மொழிகளுக்கு வடமொழியிலும் ஐரோப்பிய மொழிகளிலும் உள்ளது போன்ற இயல்பான செயப்பாட்டு வடிவம் இல்லை என்றும், 'படு' என்பது துன்புறுதல், நேர்தல் முதலிய பொருளுடைய தனிவினை துணையாய் நின்றதே என்றும் அவர் கொண்டார். வடிவம் பழையது, அதன் ஆட்சியெல்லை குறுகியது என இரண்டையும் இணைத்துக் கொள்வதே பொருத்தமாகும்.

அவ்வெல்லை குறுகியதற்குக் காரணம் தமிழின் அமைப்பிலேயே உள்ளது. ஆங்கிலத்தில் எழுவாயையும் செயப்படுபொருளையும் வேறுபடுத்துவது பெரும்பாலும் சொற்கள் நிற்கும் இடமே. செயப்படுபொருளை வாக்கியத்தின் தலைப்பிற் கொணர விரும்பும் ஆங்கில ஆசிரியர், அதற்காக வினையின் வடிவையே மாற்ற வேண்டியவராகின்றார். தமிழுக்கோ இரண்டாம் வேற்றுமை உருபு உண்டு. 'ஐ' உருபை ஏற்ற பெயர் வாக்கியத்தில் எங்கு நின்றாலும் செயப்படுபொருளே. ஆகவே அதனை முதலில் வைத்து, செய்தவர் பெயரையும் இழக்காது, வினையையும் மாற்றாது தமிழில் எழுத முடிகின்றது.

இதற்குச் சிறந்த சான்று திருகோணமலையிலேயே கல்லில் நிற்கின்றது. பிரட்றிக் கோட்டையின் வாயிலில், இரு கயல்களின் உருவத்தோடு, சிதைந்த தமிழ்ச் சாசனமொன்று உள்ளது. குளக்கோட்டன் கோணேசர் கோயிலுக்குச் செய்த திருப்பணியையும் அதற்குப் பின்னர் நேரவிருக்கும் கேட்டையும் முன்னறிவிப்பது போல் அமைந்த வெண்பாவொன்றின் பகுதியாக அது கொள்ளப்படுகின்றது. சாசனத்தின் காலம் பற்றி ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. முழுப் பாடலும் செவிவழியாகவும் ஏட்டு வழியாகவும் வழங்கி வந்துள்ளது. அதன் தொடரமைப்பே ஈண்டு நோக்கற்பாலது. கேட்டுக்கு உட்படும் திருப்பணி இரண்டாம் வேற்றுமை உருபோடு முன்னே நிற்கின்றது. அதனைச் செய்த குளக்கோட்டன் பெயர் அதற்கு அடையாக வருகின்றது. அதனைக் குலைப்பவனாகிய பறங்கி எழுவாயாக நிற்கின்றான். வினை செய்வினையே. கட்டியவனும் குலைத்தவனும் ஒரே தொடரில், ஒருவரை ஒருவர் மறைக்காது நிற்கின்றனர். கவனம் முழுவதும் கோயில்மேல் இருக்கவும், பொறுப்பு உரியவன்மேல் இருக்கவும் பாடல் வழி கண்டுள்ளது.

இதே நிகழ்ச்சிகளைக் கூறும் இக்கால உரைநடையை இதனோடு ஒப்பிடலாம். 'கோணேசர் கோயில் இடிக்கப்பட்டது. அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டப்பட்டது' என்ற பாங்கில் அமையும் வாக்கியங்கள் பாடநூல்களுக்கும் வழிகாட்டி ஏடுகளுக்கும் பழகிப்போனவை. இவற்றில் இலக்கணப் பிழை ஏதுமில்லை. ஆனால் 1620களில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தாந்தீனு டி சா கோயிலை இடிப்பித்து, அதன் கற்களைக் கோட்டைக்குப் பயன்படுத்தினான் என்ற செய்தியில் பாதி உதிர்ந்துவிட்டது. கோயிலும் கற்களும் தாமே இடம் மாறிக்கொண்டன போன்ற தோற்றம் எஞ்சுகின்றது.

கோட்டையின் பிற்கால வரலாறும் இவ்வாறே. 1639இல் ஒல்லாந்தர் அதனைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். 1782 சனவரியில் பிரித்தானியரும், அதே ஆண்டு ஓகஸ்டில் சப்ரன் தலைமையிலான பிரெஞ்சுக்காரரும் கைப்பற்றினர். மீண்டும் ஒல்லாந்தர் கைக்குச் சென்ற கோட்டையை 1795இல் பிரித்தானியர் தமதாக்கினர். இங்குப் பொருள் தொடர்ச்சியாகக் கோட்டையே ஆதலால், ஆங்கிலத்தில் இதனைச் செயப்பாட்டு வினையில் எழுதுவது முறையே. அதனைத் தமிழாக்கும் மாணவன், 'ஒல்லாந்தரால் கைப்பற்றப்பட்டது, பிரித்தானியரால் கைப்பற்றப்பட்டது' என நான்கு முறை அடுக்குவான். 'கோட்டையை' என ஒருமுறை தொடங்கினால், செய்தவர் பெயர்கள் மட்டும் மாற, வாக்கியம் இயல்பாக ஓடும்.

செயப்பாட்டு வினையின் வேலையைத் தமிழில் வேறு வடிவங்களும் செய்கின்றன. 'கொலையுண்டான்', 'வெட்டுண்டது' என்பவற்றில் 'உண்' துணைவினையாகின்றது. திண்ணையை ஒருவர் மெழுகியிருக்க, திண்ணையே மெழுகிக்கொண்டது போற் கூறும் வழக்கைத் தொல்காப்பியர் வினையியலில் ஏற்றுக்கொள்கின்றார். எரிதல், எரித்தல் எனவும் உடைதல், உடைத்தல் எனவும் வரும் இணைகள் மற்றொரு வழி. 1942 ஏப்பிரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது, விமானமொன்று சீனக்குடாவில் எண்ணெய்த் தாங்கியொன்றின்மீது மோதியது. தாங்கி 'எரிந்தது' என்பதா, 'எரிக்கப்பட்டது' என்பதா என்ற வினா இலக்கண வினா மட்டுமன்று. முன்னது நேர்ந்ததைக் கூறும். பின்னது ஒருவரது நோக்கத்தையும் உடன் கூறும். வினைச்சொல்லின் தெரிவும் பார்வையை மாற்றவல்லது. 1957 ஒக்டோபரில் திருகோணமலைக் கடற்படைத் தளம் இலங்கையின் வசமாயிற்று. 'பிரித்தானியா தளத்தைக் கையளித்தது' என்றால் கொடுத்தவர் முன்னிற்கின்றார். 'இலங்கை தளத்தைப் பொறுப்பேற்றது' என்றால் ஏற்றவர் முன்னிற்கின்றார். இரண்டும் செய்வினையே. 'தளம் கையளிக்கப்பட்டது' என்பதிலோ இருவருமே இல்லை.

மறைவதற்கு இடமளிக்கும் இப்பண்பே அரசாங்க நடைக்குச் செயப்பாட்டு வினையை உவப்பானதாக்கியது. 'உட்செல்லல் தடைசெய்யப்பட்டுள்ளது' என்னும் அறிவித்தல் துறைமுக வேலிகளுக்கு உரியது. தடை விதித்தவர் யார், எவ்விதியின் கீழ் என்று அது கூறாது. தடையை இயற்கையின் நியதிபோல் நிறுத்திவிடும். ஜோர்ஜ் ஓர்வெல் 1946இல் எழுதிய கட்டுரையில், செய்வினை இயலுமிடத்துச் செயப்பாட்டு வினையை ஒருபோதும் ஆளற்க என விதித்தமை இத்தகைய நடையை மனங்கொண்டேயாகும்.

மூன்றாம் வேற்றுமை உருபு தமிழில் மேலுமொரு மயக்கத்தை உண்டாக்குகின்றது. 'ஆல்' கருத்தாவையும் உணர்த்தும், கருவியையும் உணர்த்தும், காரணத்தையும் உணர்த்தும். ஆங்கிலம் கருவிக்கு வேறோர் இடைச்சொல்லைப் பெரும்பாலும் வைத்திருக்கின்றது. 'போரினால் வீடுகள் அழிக்கப்பட்டன' என்ற வாக்கியத்தில் வினைமுதலுக்குரிய இடம் நிரம்பியிருப்பது போலத் தோன்றுகின்றது. உண்மையில் அங்கு நிற்பது காரணம், கருத்தா அல்லன். போர் என்பது ஆள் அன்று. வினைமுதல் வெளிப்படையாக இல்லாத வாக்கியம் வாசகனிடம் ஒரு வினாவையேனும் எழுப்பும். காரணத்தைக் கருத்தாவின் இருக்கையில் அமர்த்திய வாக்கியமோ அவ்வினாவையும் அடக்கிவிடும்.

எனினும் ஓர்வெலின் விதியை அப்படியே ஏற்பதற்கும் தடையுண்டு. 2006 சனவரி 2ஆம் நாள் திருகோணமலைக் கடற்கரையில் தமிழ் மாணவர் ஐவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். இவ்வழக்கிற் குற்றஞ்சாட்டப்பட்ட பதின்மூவரும், சான்றுகள் போதா என்ற காரணத்தால், 2019 யூலையில் திருகோணமலை நீதிமன்றத்தினால் விடுவிக்கப்பட்டனர். 'கொல்லப்பட்டனர்' என்னும் இம்முற்றைச் செய்வினையாக மாற்றுக எனப் பணித்தால், எழுவாய் வேண்டும். வினைமுதல் குறிக்கப்படாதவிடத்து 'யாரோ' என்பதை இட்டுக்கொள்க என்பது வகுப்பறை விதி. 'யாரோ மாணவர் ஐவரைச் சுட்டுக் கொன்றார்' என எழுதும் மாணவனுக்கு முழுப் புள்ளியும் கிடைக்கும். ஆயின் அவன் நிரப்பிய இடம் நிரம்பியதன்று. நீதி நிறுவாத பெயரை அங்கு இட எழுத்தாளனுக்கு உரிமையில்லை. இடம் வெறிதாயிருப்பதை மறக்கவும் அவனுக்கு உரிமையில்லை. இத்தகைய இடத்துச் செயப்பாட்டு வினை மறைப்பதற்குரிய கருவி ஆவதில்லை. விடை பெறாத வினாவை அது திறந்தபடியே வைத்திருக்கின்றது.

ஆகவே, ஒரே வடிவம் இரு வேறு பணிகளுக்கு உதவுகின்றது என்பது பெறப்படும். அறிந்த வினைமுதலை மறைக்கவும் அது உதவும். அறியப்படாத வினைமுதலை அறிந்ததாகப் பாவனை செய்யாதிருக்கவும் அது உதவும். கோயிலை இடித்தவன் பெயர் வரலாற்றில் உண்டு. அங்கு 'இடிக்கப்பட்டது' என நிறுத்துவது சோம்பல். கடற்கரையிற் சுட்டவர் பெயரை நீதிமன்றம் நிறுவவில்லை. அங்கு 'கொல்லப்பட்டனர்' என்பது நேர்மை. வடிவத்தை நோக்கி மட்டும் இவ்விரண்டையும் வேறுபடுத்த முடியாது. வினைமுதல் அறியப்பட்டதா, அறியப்பட்டிருப்பின் ஏன் கூறப்படவில்லை என்ற வினாக்களே அவற்றை வேறுபடுத்தும்.

இவ்வினாக்கள் மாற்றுப் பயிற்சியில் இன்னும் இடம்பெறவேண்டியுள்ளது. ஒவ்வொரு வாக்கியத்தையும் மாற்றியபின், இழந்தது யாது, யார் முன்வந்தார், யார் மறைந்தார் என ஒரு வரி எழுதுமாறு மாணவரைக் கேட்பது பாடத்திட்டத்தைக் குலைக்காது. மொழிபெயர்ப்பு வகுப்பில், ஆங்கிலச் செயப்பாட்டு வினையைக் கண்டதும் 'ஆல்', 'படு' இரண்டையும் தேடி ஓடாது, 'ஐ' உருபு அவ்வேலையைச் செய்யுமா என முதலில் நோக்குமாறு பழக்கலாம். கோட்டை வாயிலிற் சிதைந்து நிற்கும் சாசனத்தை யாத்தவர் ஆங்கில இலக்கணம் கற்றவரல்லர். எனினும் இடர்ப்பட்டது யாது, இடர் செய்தவர் யார் என்னும் இரண்டையும் ஒரே தொடரிற் கூறும் வழியை அவர் அறிந்திருந்தார். அவ்வழி தமிழ் எழுதுவோருக்கு இன்றும் திறந்தே உள்ளது.