‘பிறன்’, ‘அடுத்திருப்பவர்’: நல்ல சமாரியன் உவமையின் தமிழாக்கமும் வடக்கன்குளமும்

லூக்கா நற்செய்தியின் நல்ல சமாரியன் உவமை (10:25–37), அன்பு செலுத்தப்பட வேண்டியவர் யார் என்னும் திருச்சட்ட அறிஞரின் வினாவிலிருந்து எழுகிறது. அவ்வினாவில் இடம்பெறும் கிரேக்கச் சொல் ‘பிளேசியோன்’. அருகிருத்தல் அதன் அடிப்படைப் பொருள். சீர்திருத்தச் சபைகள் இன்றும் வழங்கும் பழைய மொழிபெயர்ப்பு இதனைப் ‘பிறன்’ என்கிறது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் ‘அடுத்திருப்பவர்’ என்கிறது.

முன்னது வேற்றுமையை முன்னிறுத்துகிறது. திருக்குறளின் ‘பிறனில் விழையாமை’ அதிகாரத்திலும் அச்சொல் தன்னின் வேறானவனையே சுட்டும். யூதர் விலக்கிவைத்த சமாரியனே உதவினான் என்னும் உவமையின் கூர்மை இதில் மழுங்குவதில்லை. பின்னது மூலச்சொல்லின் பொருளுக்கு நெருக்கமானது; எனினும் அருகிருப்பதே உறவு என்னும் மயக்கத்துக்கு இடந்தருகிறது.

இம்மயக்கத்தைத் தெளிவிக்கும் சான்று, நெல்லைச் சீமையின் வடக்கன்குளம் கத்தோலிக்க ஆலயம். 19ஆம் நூற்றாண்டில் அங்கு வெள்ளாளரும் நாடாரும் ஒரே பீடத்தை நோக்கி, சுவரால் பிரிந்து வழிபட்டனர். அடுத்திருந்தும் அயலாராகவே இருந்தனர். 1910இல் சுவர் அகற்றப்பட்டபின் அதனை மீண்டும் எழுப்பக் கோரி வெள்ளாளர் தரப்பினர் நீதிமன்றம் சென்றனர்.

உவமையின் இறுதி வினாவில் கிரேக்க மூலம் ‘ஆகுதல்’ வினையை ஆள்கிறது. ‘பிறனாயிருந்தான்’, ‘அடுத்திருப்பவர்’ ஆகிய தமிழ்ச் சொல்லாட்சிகள் இரண்டும் ‘இருத்தல்’ என்பதோடு நின்றுவிடுகின்றன. சமாரியன் தன் செயலால் அண்மையன் ஆகிறான். பிளவுண்ட சமூகத்தில் அன்புக் கட்டளையை விளக்குவோர் இவ்வாக்கத்தையே முதன்மைப்படுத்த வேண்டும். இருப்பைக்கொண்டு அமைதியை அளந்தால் வடக்கன்குளத்துச் சுவரும் அமைதியின் சான்றாகிவிடும்.