224-க்குப் பின் 160

ரஸ்ட் மொழியின் நூலகத்தில், வந்துசேரும் பைட்டுகள், எழுத்துகளை பைட்டுகளாகக் குறிக்கும் யூடிஎஃப்-8 முறைப்படி உள்ளனவா என்று சரிபார்க்கும் சிறு நிரல் ஒன்று உண்டு. வேகமும் காவலும் கைகோத்து நடக்கும் அந்த வரிகளை நிதானமாக வாசித்துப் பாருங்கள். வாசிக்க வாசிக்க நயம் கூடும்.

முதலில் அதன் ஓட்டம். ஆங்கில எழுத்தின் மதிப்பு 128-ஐத் தொடாது; ஆகவே அந்த பைட்டின் முதல் பிட் எப்போதும் பூஜ்யம். இதை அறிந்த நிரல், 64 பிட் கணினியில் பைட்டுகளை எட்டெட்டாக அள்ளுகிறது. முதல் பிட்டுகளை மட்டும் விட்டுவைக்கும் மாஸ்க்கை வைத்து ஓர் ‘அண்ட்’ போடுகிறது. விடை பூஜ்யமா? எட்டும் சுத்தம். எத்தனை எழிலான சிக்கனம்! ஒரு பைட்டும் சோதனைக்குத் தப்பவில்லை. ஆனால் எட்டுக்கும் சேர்த்து ஒரே சோதனை.

இப்போது நம் ‘அ’ வரட்டும்: 224, 174, 133. நம் உயிரும் மெய்யும் எல்லாமே 224-இல்தான் தொடங்குகின்றன. அடுத்து வரும் பைட் பொதுவாக 128 முதல் 191 வரை இருக்கலாம். 224-க்குப் பின் மட்டும் 160-லிருந்துதான் அனுமதி. ஏன் இந்தக் கறார்? 224, 128, 175 என்பதை யூடிஎஃப்-8 முறையில் பிரித்துச் சேர்த்தால் 47 வரும். அது கோப்புப் பாதையின் சாய்கோடு. ஒரே பைட்டில் வரவேண்டியது மூன்று பைட் வேஷம் கட்டினால், சாய்கோட்டைத் தேடும் சோதனையை ஏய்த்துவிடலாம். 2000-ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்டின் ஐஐஎஸ் சர்வரில் இப்படிப்பட்ட நீட்டல் வேஷம்தான் பெரிய ஓட்டையானது. அத்தனை பெரிய ஆபத்தை இங்கே தடுப்பது 160 என்ற ஒற்றை எல்லை. ஒப்பிடுவது எப்படியும் நடக்கவேண்டிய வேலை. எல்லைக்கல் மட்டும் இடம் மாறியிருக்கிறது. என்ன நுட்பம்!

இன்னொரு நயம், சோதனை முடிந்த பின்னே. தேறிய பைட்டுகள் ‘str’ என்ற ஸ்ட்ரிங் வகையைப் பெறுகின்றன. அதன்பின் எழுத்தெழுத்தாகச் செல்லும் நிரல் எதையும் மறுபடி விசாரிப்பதில்லை. ‘அன்சேஃப்’ என்று வெளிப்படையாக அடையாளமிட்ட இடத்தில் துணிந்து விரைகிறது. பக்கத்திலேயே, ‘சேஃப்டி’ என்று தொடங்கும் குறிப்பு அந்தத் துணிவுக்கான காரணத்தைச் சொல்லிவிடுகிறது: இது ஸ்ட்ரிங், ஆகவே முறையான யூடிஎஃப்-8. பின்னாளில் திருத்த வருபவருக்கு எந்த உறுதியைக் குலைக்கக்கூடாது என்று சொல்லிவைக்கும் கனிவு அது.

சோதித்ததை வகையே நினைவில் வைத்திருப்பதால் மறுசோதனை மிச்சம். இந்த நிரலின் வேகம், காவல் சம்பாதித்துக் கொடுத்த வேகம்.