தடித்த வாஷரின் மகிமை

பழைய எம்ஜிபி காரின் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைக் கழற்றிக் கசிவை அடைக்கும் வேலையைப்போல மனம் நிறைக்கும் வேலை வேறொன்று இருந்தால் தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள். அதையும் செய்து பார்க்கத் தயார்!

என்னிடம் இருப்பது 1972ஆம் ஆண்டு வண்டி. ஆக்ஸ்போர்டுக்குப் பக்கத்தில் அபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்து அனுப்பிய கார். 1798 சிசி, நான்கு சிலிண்டர், இரட்டை எஸ்யூ கார்புரேட்டர். நம் அம்பாசிடரில் பல்லாண்டுகள் ஓடிய 1489 சிசி பெட்ரோல் என்ஜினும் இதே பி-சீரிஸ் குடும்பம்தான். அதனால் இதன் பானெட்டைத் திறக்கும்போதெல்லாம் எனக்குச் சொந்தக்காரர் வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருக்கும்.

கசிவு தன்னை எப்படிக் காட்டிக்கொடுக்கிறது தெரியுமா? குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்ததும் 'டிக் டிக்' என்று சத்தம். டாப்பெட் தட்டுகிறது என்றுதான் பலரும் நினைப்பார்கள். ஆனால் வண்டி சூடானதும் இந்தச் சத்தம் தேய்ந்துபோகும். வார்ப்பிரும்பு விரிந்து இடைவெளியைத் தானே மூடிக்கொள்கிறது. ஆகவே குளிரில் கேட்க வேண்டும். ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை மேனிஃபோல்டின் விளிம்போரமாக நகர்த்தினால், கசியும் இடத்தில் சத்தம் பளிச்சென்று வந்து அறைகிறது! அங்கே கேஸ்கெட்டின் ஓரத்தில் கரிக்கோடும் இருக்கும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது சைலன்சரில் பட்பட்டென்று வெடிப்பதும் இதனால்தான்: கசிவு வழியே நுழையும் காற்று, எரியாத பெட்ரோலை அங்கே எரியவைக்கிறது. கார்பன் மோனாக்சைடு காருக்குள் வரும் ஆபத்தும் உண்டு. தள்ளிப்போடவே கூடாது.

இனி அந்த வடிவமைப்பின் அழகுக்கு வருகிறேன். சிலிண்டர் ஹெட்டின் ஒரே பக்கத்தில் ஐந்து வாசல்கள். கலவை உள்ளே போக இரண்டு, புகை வெளியேற மூன்று. இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்களுக்கு நடுவாசல் பொது. வெடிப்பு வரிசை 1-3-4-2 என்பதால், கிராங்க் ஒவ்வொரு சுற்றுச் சுற்றும்போதும் நடுவாசலில் ஒருமுறை புகை பாய்கிறது. ஓர வாசல்களில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான். நடுவில் சூடு அதிகம், ஓரங்களில் குறைவு. வருடக்கணக்கில் இப்படிக் காய்ந்து ஆறினால் எந்த வார்ப்பிரும்புதான் வளையாது?

இன்டேக்கும் எக்ஸாஸ்ட்டும் தனித்தனி வார்ப்புகள். ஆனால் இரண்டிலும் நீட்டிக்கொண்டிருக்கும் காதுகளை ஒரே தடித்த வாஷர் சேர்த்து அழுத்துகிறது. இங்கேதான் ரகசியம் இருக்கிறது! ஒன்றின் காது கொஞ்சம் தடித்தும் மற்றது மெலிந்தும் இருந்தால் வாஷர் சாய்ந்துவிடும். தடித்ததுதான் அழுத்தம் பெறும். மெலிந்தது சும்மா தொட்டுக்கொண்டிருக்கும். எவ்வளவு விலை கொடுத்துப் புது கேஸ்கெட் வாங்கிப் போட்டாலும் பலன் இல்லை. இதைப் புரிந்துகொண்ட நொடியில் கேரேஜில் நான் கைதட்டியே விட்டேன்.

கார்புரேட்டர்கள், வெப்பத் தடுப்புத் தகடு, இன்டேக், அதன்பின் எக்ஸாஸ்ட் என்று ஒவ்வொன்றாகக் கழன்று வந்தன. கீழே இரட்டைக் குழாயைப் பிடித்திருக்கும் நட்களில் என்ஜின் பக்கம் ஒளிந்திருப்பவற்றுக்குப் பொறுமை வேண்டும். முந்தைய இரவே துரு இளக்கும் எண்ணெய் ஊற்றி ஊறவிட்டிருந்ததால், பித்தளை நட்கள் அடம்பிடிக்காமல் சுழன்றன. பழைய கேஸ்கெட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம்; முகக்கவசம் போட்டு, ஈரப்படுத்தித்தான் சுரண்ட வேண்டும்.

நேர்விளிம்பு ஸ்கேலை மேனிஃபோல்டின் முகத்தில் வைத்து ஃபீலர் கேஜை நுழைத்தேன். ஒரு முனையில் தாராளமாகப் போயிற்று. பட்டறையில் கொடுத்து முகத்தைச் சமமாகச் சீவி வாங்கினேன். பளபளத்த அந்த இரும்பை எத்தனை நேரம் தடவிப் பார்த்திருப்பேன்! பிறகு வெர்னியரால் காதுகளை அளந்து, வித்தியாசம் இருந்த இடங்களில் வாஷரின் ஒரு பாதியை மட்டும் அரத்தால் ராவிப் படி அமைத்தேன். இப்போது வாஷர் இரண்டு காதுகளிலும் சமமாக உட்கார்ந்தது. நடுவிலிருந்து ஓரத்துக்கு, சிறிது சிறிதாக முறுக்கினேன். என்ஜினைச் சூடாக்கி, முழுக்க ஆறவிட்டு மறுபடி ஒருமுறை முறுக்கினேன்.

அடடா, அந்தச் சத்தம்! கிசுகிசுப்பு இல்லை, தட்டல் இல்லை. அடித்தொண்டையிலிருந்து எழும் கம்பீரமான உறுமல். காட்ஸ்வோல்ட்ஸ் மேடுகளில் மூன்றாவது கியரில் ஏற்றி, இறக்கத்தில் காலை எடுத்தேன். ஒரு வெடிப்பு வேண்டுமே? இல்லவே இல்லை!

நண்பரின் எம்ஜிபி ஜிடி வண்டியும் காலையில் தட்டுகிறதாம். வெர்னியரையும் அரத்தையும் எடுத்து வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அவர் வீட்டு வாசலில் இருப்பேன்.