ஈயத்தின் இடத்தில் ஒரு வளையம்

கைவேலையின் அழகு கண்ணுக்குத் தெரியும் என்றே நாம் பழகியிருக்கிறோம். ஐம்பொன் சிலையிலும் பட்டுச் சேலை முந்தானையிலும் தேரின் மரச் செதுக்கலிலும் அது தெரியத்தான் செய்கிறது. நான் எழுத நினைப்பது, முடிந்த பிறகு எஞ்சினுக்குள் மறைந்துபோய் யார் கண்ணிலும் படாத ஒரு வேலையைப் பற்றி. பழைய அம்பாஸடரின் சிலிண்டர் ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வு வந்து உட்காரும் இடத்தைக் குடைந்தெடுத்து, அங்கே கெட்டியான உலோக வளையம் ஒன்றை இறக்கும் வேலை அது. மன்னார்குடிப் பட்டறைகளில் கேட்டால் "சீட் ரிங் போடணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். அதற்குள் இருக்கும் நுணுக்கத்தை ரசிக்க, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1921-இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வாளர் தாமஸ் மிட்ஜ்லி, ஈயச் சேர்மம் ஒன்றைப் பெட்ரோலில் துளியளவு கலந்தால் எஞ்சின் 'நாக்கிங்' அடிப்பது நிற்கிறது என்று கண்டார். பிறகு பல பத்தாண்டுகள் உலகம் முழுக்க ஈயப் பெட்ரோல்தான் ஓடியது. அந்த ஈயம் சத்தமில்லாமல் இன்னொரு காரியமும் செய்துவந்தது. எரிந்து வெளியேறும்போது வால்வு சீட்டின் மேல் மெல்லிய பூச்சாகப் படிந்து, காய்ந்த இரும்போடு இரும்பு நேரடியாக ஒட்டாமல் காத்தது.

அம்பாஸடர் அந்தக் காலத்தின் பிள்ளை. மோரிஸ் ஆக்ஸ்போர்டை ஒட்டி, 1958 முதல் வங்காளத்தின் உத்தர்பாராவில் தயாரானது. அடுத்த ஆண்டே அதற்கு வந்த 1489 சிசி எஞ்சின்தான் காவிரி டெல்டாவின் மிராசு வீடுகள் பலவற்றின் கொட்டகைகளில் நின்ற வண்டிகளை இழுத்தது. அதன் ஹெட் முழுக்க வார்ப்பிரும்பு. வால்வு உட்காரும் சீட்டையும் அதே இரும்பிலேயே வெட்டியிருப்பார்கள். தனி வளையம் கிடையாது. பெட்ரோலில் ஈயம் இருந்தவரை அது போதுமானதாக இருந்தது.

ஈயம் விஷம். குழந்தைகளின் மூளையைக் கெடுப்பது. அதை ஒழித்தது நம் காலத்தின் பெரிய நற்செயல்களில் ஒன்று என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1995 ஏப்ரலில் டெல்லி, பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ் ஆகிய நான்கு நகரங்களில் புதுக் கார்களுக்காக ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது. 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுக்க அது மட்டும்தான். உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021-இல் ஈயப் பெட்ரோலைக் கைவிட்டது. காற்று பிழைத்தது. ஈயம் பார்த்துவந்த வேலையை இனி யார் பார்ப்பது என்ற கேள்வி மட்டும் பழைய எஞ்சின்களுக்கு மிஞ்சியது.

எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால், ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 முறை சீட்டில் வந்து அறைகிறது. எக்ஸாஸ்ட் வால்வு 700 டிகிரிக்கு மேல் காய்ந்திருக்கும். பூச்சு இல்லாத இடத்தில் இரும்பும் இரும்பும் கணநேரம் பற்றிக்கொண்டு பிய்ந்து விலகும். பிய்ந்த துகள் வால்வில் ஒட்டிக்கொண்டு உப்புத்தாள் மாதிரி சீட்டைத் தேய்க்கும். சீட் தேயத் தேய வால்வு ஹெட்டுக்குள் மேலே ஏறும். வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே உள்ள டேப்பட் இடைவெளி குறையும். கடைசியில் வால்வு முழுசாக மூடாமல் போய், கம்ப்ரஷன் இறங்கி, வால்வின் விளிம்பே கருகிவிடும். இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்களின் எக்ஸாஸ்ட் இந்த எஞ்சினில் ஒரே வழியாக வெளியேறுகிறது. அந்த இடத்தில்தான் சூடு அதிகம். முதலில் பலியாவதும் பெரும்பாலும் அங்கேதான்.

இதைக் காதாலேயே கண்டுபிடிப்பவர்கள் இருக்கிறார்கள். நீடாமங்கலம் சாலையில் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவர், பானெட்டைத் திறக்கச் சொல்லி ஓரமாக நின்று கேட்பார். "டேப்பட் சத்தம் குறைஞ்சிருக்குன்னு சந்தோஷப்படாதீங்க தம்பி. அடைச்சுக்கிட்டு வருதுன்னு அர்த்தம். சத்தம் போடுற டேப்பட்டை நம்பலாம், சும்மா இருக்கிறதைத்தான் நம்பக் கூடாது" என்பார். பிறகு ஃபீலர் கேஜை விடுவார். 15 தவ் (தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருக்க வேண்டிய இடத்தில் 8 தவ் தகடே இறுக்கமாகப் போகும். அப்போதுதான் ஹெட்டை இறக்கச் சொல்வார்.

வேலையின் முதல் படி, வால்வின் தண்டு ஏறி இறங்கும் குழலான வால்வு கைடு. அது தேய்ந்திருந்தால் முதலில் அதை மாற்றுவார்கள். ஏனென்றால் சீட் வெட்டும் கருவி தன் மையத்தைக் கைடிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. கைடு ஆடினால் சீட்டும் கோணல். அடுத்து சீட்டைக் குடைவது. தண்ணீர் ஓடும் அறை பக்கத்திலேயே இருக்கிறது. ஆழம் கொஞ்சம் கூடினாலும் சுவர் உடைந்து, ஹெட் பழைய இரும்பாகிவிடும். இங்கே அவசரக்காரருக்கு இடமில்லை.

இறக்க வேண்டிய வளையம், பள்ளத்தை விட ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் பெரிது. அந்த இறுக்கம்தான் அதை ஆயுசுக்கும் பிடித்துவைக்கிறது. முந்தின ராத்திரியே நாலு வளையங்களையும் ஃப்ரீசரில் வைத்துவிடுவார்கள். காலையில் ஹெட்டைப் பதமாகச் சூடேற்றுவார்கள். குளிரில் வளையம் கொஞ்சம் சுருங்கும், சூட்டில் பள்ளம் கொஞ்சம் விரியும். மிச்சத்தை அடித்துத்தான் இறக்க வேண்டும். பெரியவர் வளையத்தைத் துணியால் எடுத்து வைத்து, மேலே உருளைக் கட்டையை நிறுத்தி, சுத்தியலால் சீராக அடிப்பார். முதல் அடிகள் மந்தமாகக் கேட்கும். வளையம் பள்ளத்தின் அடியைத் தொட்டதும் சத்தம் கெட்டிப்பட்டு மாறும். அந்த மாற்றம் வந்த பிறகு ஒரு அடிகூட அதிகம் விழாது. நான் பார்த்த கைவேலைகளில் இவ்வளவு தெளிவாக நிறுத்தத் தெரிந்த கை குறைவு.

பிறகு வெட்டுவது. நடுவில் 45 டிகிரி, அதற்கு மேலும் கீழும் வேறு கோணங்கள். எக்ஸாஸ்ட் சீட்டின் அகலம் 2 மில்லிமீட்டர் அளவுக்கு வர வேண்டும். வால்வு தன் சூட்டில் பெரும்பங்கை இந்தச் சீட் வழியாகத்தான் ஹெட்டுக்குக் கடத்துகிறது. அகலம் குறைந்தால் வால்வு வெந்துபோகும், கூடினால் கார்பன் சிக்கும். அடுத்து கிரைண்டிங் பேஸ்ட் தடவி, உறிஞ்சுகட்டையை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டி, வால்வையும் சீட்டையும் ஒன்றோடொன்று இழைக்க வேண்டும். துடைத்துவிட்டு நீல மை வைத்துப் பார்த்தால், சாம்பல் நிற வளையம் ஒன்று எங்கும் அறுபடாமல் ஒரே அகலத்தில் தெரிய வேண்டும். மன்னார்குடி இசைக்கும் பேர்போன ஊர் என்பதால் இதைச் சொல்லத் தோன்றுகிறது: மிருதங்கத்தின் வலந்தலையில் சுற்றுவட்டம் எங்கே தட்டினாலும் ஒரே சுதி பேச வேண்டும் என்று வித்வான் கல்லும் கட்டையுமாகப் பாடுபடுவதும், இந்தச் சீட்டைச் சுற்றி எங்கும் ஒரே ஒட்டல் வேண்டும் என்று பெரியவர் பாடுபடுவதும் எனக்கு ஒரே ரகமான உழைப்பாகப் படுகிறது. கடைசியில் ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, வால்வுகளை மாட்டி, மண்ணெண்ணெய் ஊற்றி விட்டுவிடுவார்கள். அரை மணி நேரம் கழித்தும் எக்ஸாஸ்ட் வழியில் ஈரம் தட்டாவிட்டால் வேலை தேறியது.

டெல்டாவில் இந்தக் கை எங்கிருந்து வந்தது? நெல் வயலிலிருந்து. தண்ணீர் இறைக்கும் ஆயில் எஞ்சினும் சேற்றில் உழலும் டிராக்டரும் பருவம் தவறாமல் ஹெட்டைக் கழற்ற வைப்பவை. நாற்று காத்திருக்கும்போது எஞ்சின் படுத்துவிட்டால் விவசாயிக்குத் தாங்காது. சீட் ரிங் மாற்றுவது, கைடு போடுவது, வால்வு இழைப்பது எல்லாம் இந்தப் பக்கத்து லேத் பட்டறைகளுக்கு அன்றாடச் சோறு. ஈயம் போனபோது அம்பாஸடருக்குத் தேவைப்பட்ட வித்தை, உழவுக்காக ஏற்கெனவே இங்கே தயாராக இருந்தது.

நல்ல கையின் இன்னொரு அடையாளம், வேண்டாத வண்டியைத் தொடாதது. சீட் தேய்வது பெரும்பாலும் நீண்ட தூரம் வேகமாக ஓட்டும்போதுதான். கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் வடுவூர் வரை மெதுவாகப் போய்வரும் வண்டிக்கு டேப்பட்டை மட்டும் அவ்வப்போது அளந்து பார்த்தால் போதும். பிரீமியர் பத்மினிக்கு அலுமினிய ஹெட்; பிறப்பிலேயே வளையம் உண்டு. அதற்கும் ரிங் போட வேண்டும் என்று யாராவது சொன்னால் தாராளமாகச் சந்தேகப்படலாம்.

இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். கரும்பு, மக்காச்சோளத்தோடு உபரி அரிசியும் அந்த எத்தனாலாகிறது. அதன் தொல்லை வேறு இடத்தில். பழைய ரப்பர் ஹோஸையும் பெட்ரோல் பம்பின் டயஃப்ரத்தையும் கெடுக்கும், கலவையை மெலிய வைக்கும். ஹோஸை மாற்றி, கார்புரேட்டர் ஜெட்டைக் கொஞ்சம் பெரிதாக்கி, அதே பட்டறைகள் அதற்கும் வழி பண்ணத் தொடங்கிவிட்டன.

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் பெயின்ட்டுக்கும் சீட் கவருக்கும் தாராளமாகச் செலவழிக்கிறார்கள். ஹெட் வேலைக்கு மட்டும் பேரம் பேசி, சாயங்காலமே வண்டி வேண்டும் என்கிறார்கள். நாலு நாள் பொறுத்து, கேட்ட கூலியைக் கொடுத்து, பக்கத்தில் நின்று பாருங்கள். கற்றுக்கொள்ள வந்திருக்கும் பையனும் அப்போதுதான் நிதானமாகக் கற்றுக்கொள்வான். காற்றைக் கெடுத்து ஈயம் செய்த வேலையை, யாருக்கும் கேடில்லாமல் ஒரு வளையமும் ஒரு ஜோடிக் கையும் செய்கின்றன. அந்தக் கைக்குத் தொடர்ந்து வேலை கொடுப்பதுதான் ரசிகன் செய்யக்கூடிய மரியாதை.