முதல் குற்றவாளி எங்கே சார்?

பழைய பங்களா. பூட்டிக் கிடக்கும் ஓர் அறை. ராத்திரியானால் சலங்கைச் சத்தம். ஊர்ப் பெரியவர் ஒருத்தர் குரலைத் தாழ்த்தி, 'அந்தக் காலத்துல...' என்று ஆரம்பிப்பார். மறுநாள் டவுனிலிருந்து ஒருவர் பெட்டியோடு வந்து இறங்குவார். துப்பறிபவரோ டாக்டரோ, யாரோ ஒருவர். பேயாவது பிசாசாவது என்று சிரித்துவிட்டு வேலையைத் தொடங்குவார்.

இந்த டைப் படங்கள் என்றால் எனக்கு உயிர். உங்களுக்கும்தான், மறைக்காதீர்கள். இல்லாவிட்டால் 2005-ல் வந்த 'சந்திரமுகி' சென்னை சாந்தி தியேட்டரில் 800 நாட்களைத் தாண்டி ஓடியிருக்குமா?

ஆனால் பி.காம். படித்த புத்தி சும்மா இருக்காது. ஒரு கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் கண் முதலில் ஓபனிங் பேலன்ஸுக்குத்தான் போகும். பழைய பாக்கி எவ்வளவு, அது யார் பெயரில் நிற்கிறது? கர்ணபரம்பரைக் கதையை வைத்துப் பின்னப்படும் மர்மப் படங்களில் இப்படி ஒரு பாக்கி கட்டாயம் இருக்கும். இன்றைய கொலைக்கு முன்னால், அந்தப் பழங்கதைக்குள் ஒரு கொலை. இன்றைய குற்றவாளியை க்ளைமாக்ஸில் பிடித்துவிடுவார்கள். பழைய ஆசாமி?

இந்த வகைக்கெல்லாம் தாத்தா, கானன் டாயிலின் 'தி ஹவுண்ட் ஆஃப் தி பாஸ்கர்வில்ஸ்'. 1901-ல் தொடராக வரத் தொடங்கிய நாவல். இங்கிலாந்தின் டார்ட்மூர் பொட்டல் வெளியில் ஒரு பேய் நாய் உலவுவதாகக் கதை. ஹ்யூகோ என்கிற பணக்கார முரடன், ஒரு குடியானவரின் மகளைக் கடத்திக்கொண்டு வந்து பூட்டி வைக்கிறான். அவள் தப்பித்து ஓட, இவன் துரத்த, அவள் பயத்திலும் களைப்பிலும் செத்துவிழுகிறாள். இவன் குரல்வளையை ஒரு பூதாகாரமான நாய் குதறுகிறது. அன்றிலிருந்து அந்த வம்சத்துக்கே சாபம்.

இதை 1939-ல் பாசில் ராத்போனை ஷெர்லக் ஹோம்ஸாகப் போட்டு எடுத்தார்கள். 1959-ல் ஹாமர் கம்பெனி பீட்டர் குஷிங்கை வைத்துக் கலரில் எடுத்தது. ஹோம்ஸ் என்ன கண்டுபிடிக்கிறார்? நாய் நிஜ நாய், சொத்துக்காக ஒருத்தன் போட்ட திட்டம் என்று. சபாஷ்! ஆனால் இந்த மொத்தக் கதைக்கும் காரணமான அந்தப் பெண்ணுக்கு டாயில் ஒரு பெயர்கூட வைக்கவில்லை. சாபம் வம்சத்துக்கு, அனுதாபமும் வம்சத்துக்கு. செத்தவள் வெறும் முன்கதை. ஹாமர் படம் மட்டும் கடைசியில் லேசாக உறுத்துகிறது. அதில் வில்லி, ஹ்யூகோவின் வழியில் வந்து வறுமையில் செத்தவர்களின் வாரிசு நான் என்று வெடிக்கிறாள். ஒரு நிமிஷம்தான். அதற்குள் படம் முடிந்துவிடும்.

இதே கதை இந்திக்கு வந்தபோது நடந்ததுதான் ஆச்சரியம். 1962-ல் வந்த 'பீஸ் சால் பாத்'. பிஸ்வஜீத், வஹீதா ரஹ்மான். ஹேமந்த் குமாரே தயாரித்து இசையமைத்த சூப்பர் ஹிட். ஜமீன்தார் ஒருவரால் சீரழிக்கப்பட்டு உயிரை விட்ட கிராமத்துப் பெண், பேயாக வந்து அந்தக் குடும்பத்து ஆண்களை ஒவ்வொருவராகக் காவு வாங்குகிறாள் என்று ஊர் நம்புகிறது. முடிவைச் சொல்லிவிடுகிறேன், மன்னியுங்கள். கொன்றது பேயல்ல, அந்தப் பெண்ணின் அப்பா. சொத்து ஆசை போச்சு, அந்த இடத்தில் ஒரு தகப்பனின் ஆத்திரம் வந்து உட்கார்ந்தது. குற்றவாளி பிடிபடும்போது நமக்குக் கைதட்டத் தோன்றாது. தொண்டையில் என்னமோ அடைக்கும். அசலைவிட இந்த இடத்தில் நகல் உசத்தி என்பேன்.

அடுத்தது 1993. மலையாளத்தில் ஃபாசில் இயக்கிய 'மணிச்சித்ரதாழ்'. இதில் துப்பறிபவர் மனநல மருத்துவர், மோகன்லால். தஞ்சாவூரிலிருந்து கொண்டுவரப்பட்டு, தரவாட்டுக் காரணவரால் கொல்லப்பட்ட நாட்டியக்காரி நாகவல்லி. அவளாகவே தன்னை நினைத்துக்கொள்ளும் கங்காவாக ஷோபனா, தேசிய விருது வாங்கிய நடிப்பு. டாக்டர் நோயைக் கண்டுபிடித்து, மந்திரவாதியையும் துணைக்குச் சேர்த்து, காரணவர் போல ஒரு பொம்மையை வைத்து, அதை அவள் வெட்ட ஏற்பாடு செய்கிறார். கங்கா பிழைக்கிறாள். நாகவல்லிக்குக் கிடைத்த நீதி, ஒரு பொம்மை.

இந்தப் படத்தின் ரீமேக்குகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். மலையாளத்தில் நாட்டியக்காரி தமிழ் பேசுகிறாள். தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கு. 2007-ல் வந்த இந்தி 'பூல் புலையா'வில் வங்காளி. துப்புக்கு இது வசதி என்பது நிஜம்தான். வீட்டுப் பெண் திடீரென்று வேறு பாஷையில் சீறினால் ஆள் மாறிவிட்டது உடனே புரியும். ஆனால் இன்னொரு வசதியும் இருக்கிறது. செத்தவள் நம்ம ஊர்க்காரி இல்லை! வெளியூரிலிருந்து வந்தவள், அதுவும் ஆடுகிறவள். அவளுக்காக யார் வந்து கேஸ் போடப் போகிறார்கள்?

நம்ம 'சந்திரமுகி' இன்னும் ஒரு படி மேலே போனது. காதலன் தலையை வெட்டி, அவளை உயிரோடு எரித்த வேட்டையன் ராஜாவாக வந்தது ரஜினியே. தியேட்டர் என்ன செய்தது? 'லக லக லக' என்று கூடச் சேர்ந்து கத்தியது. கல்யாண வீடுகளில் பொடிப் பயல்களெல்லாம் அதைச் செய்து காட்டினார்கள். ரஜினியின் நடிப்பு அபாரம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். படத்தின் முதல் கொலைகாரன்தான் படத்திலேயே அதிகம் ரசிக்கப்பட்ட ஆள். அவனால் எரிந்தவளோ நம்மை பயமுறுத்தும் பேய்.

படத்தில் லாஜிக் பார்க்கலாமா என்று கேட்பீர்கள். நான் கேட்பது லாஜிக் இல்லை, வரவு செலவு. ஒரு ஊர் தலைமுறை தலைமுறையாக ஒரு பேய்க்கதையைக் காப்பாற்றி வைத்திருக்கிறது என்றால், அங்கே தீர்க்காத பாக்கி ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். போலீசில் எழுத முடியாத புகாரைத்தான் பாட்டிகள் பேய்க்கதையாகச் சொல்லி வைத்தார்கள் என்பது என் கட்சி. நல்ல மர்மப் படம் அந்தப் புகாரை வாங்கிப் படிக்கும். சுமாரான படம் பேய் பொய் என்று நிரூபித்துவிட்டு ஊருக்கு பஸ் ஏறிவிடும்.

அடுத்த முறை டிவியில் இப்படி ஒரு படம் போட்டால், அந்தப் பெரியவர் 'அந்தக் காலத்துல...' என்று ஆரம்பிக்கும்போது காபி போட எழுந்து போய்விடாதீர்கள். கேஸே அங்கேதான் இருக்கிறது.