பெயரில் வைட்டமின், வேலையில் மருந்து

ஆணுக்கு நாளொன்றுக்கு 90 மில்லிகிராம் வைட்டமின் சி போதும் என்பது அமெரிக்கக் கணக்கு. புற்றுநோய் ஆய்வுகளில் டிரிப்ஸ் வழியே ஒரே தடவையில் 75 கிராம்கூட ஏற்றுகிறார்கள். எண்ணூறு மடங்குக்கும் மேல். இந்த அளவில் அது மருந்துதான். 'வைட்டமின்' என்ற சாதுவான பெயர் அதை மறைத்துவிடுகிறது.

முற்றிய கல்லீரல் புற்றுக்கு சோராஃபெனிப் மாத்திரையோடு இதையும் சேர்த்துப் பார்க்கலாமே என்று தோன்றியதில் வியப்பில்லை. 2008இல் வெளியான ஷார்ப் ஆய்வில் அந்த மாத்திரை எடுத்தவர்களின் இடைநிலை ஆயுள் 10.7 மாதம், வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு 7.9. மூன்று மாதம்கூடத் தேறாத லாபம். கூடவே வயிற்றுப்போக்கு, கைகால் தோல் எரிச்சல்.

இந்த யோசனைக்குப் பின்னால் பழைய சண்டை ஒன்று உண்டு. 1976இல் வேதியியலாளர் லைனஸ் பாலிங்கும் ஸ்காட்லாந்து மருத்துவர் யூவான் கேமரனும் வைட்டமின் சி கொடுத்த நூறு நோயாளிகளைப் பழைய பதிவேட்டு நோயாளிகள் ஆயிரம் பேரோடு ஒப்பிட்டு, நான்கு மடங்கு ஆயுள் என்றார்கள். இரண்டு நோபல் வாங்கிய பாலிங் சொன்னால் ஊர் கேட்கத்தானே செய்யும்! அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனை குலுக்கல் முறையில் நோயாளிகளைப் பிரித்து இருமுறை சோதித்தது. பலனில்லை. ஆனால் மேயோ கொடுத்தது வாய்வழி. எவ்வளவு விழுங்கினாலும் ரத்தத்தில் ஓர் எல்லைக்கு மேல் ஏறாது, டிரிப்ஸில் ஏற்றினால் பல பத்து மடங்கு ஏறும் என்று ஆய்வாளர் மார்க் லெவினின் குழு 2004இல் காட்டியது. அந்த உச்சத்தில் உண்டாகும் ஹைட்ரஜன் பெராக்சைடு புற்றுச் செல்களைக் கொல்கிறது. ஆய்வகத்தில்.

நோயாளியின் உடலில்? சீனாவில் கல்லீரல் அறுவை செய்துகொண்ட 613 பேரின் பதிவுகளை அலசியபோது, வைட்டமின் சி டிரிப்ஸ் பெற்றவர்களுக்கு நோய் திரும்புவது குறைந்திருந்தது. ஆனால் ஏற்றியது வெறும் 2 கிராம். அவர்கள் நோய் முற்றியவர்களும் அல்லர். அயோவாவில் கணையப் புற்றுக்கு நடந்த ஆய்வில் ஆயுள் 8.3 மாதத்திலிருந்து 16 ஆனது, மொத்தம் 34 பேரில். 442 பேரைச் சேர்த்த சீனக் குடல் புற்று ஆய்விலோ குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

தீங்கில்லாததும் அல்ல. ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு உள்ளவர்களுக்குச் சிவப்பணுக்கள் உடையும். சிறுநீரகத்தில் ஆக்சலேட் படியும். சில குளுக்கோமீட்டர்கள் சர்க்கரையைக் கூட்டிக் காட்டும். அதை நம்பி இன்சுலின் போட்டால் ஆபத்து.

சோதிப்பது சரி. சோதனைக்கு வெளியே காசு வாங்கிக்கொண்டு ஏற்றுவதுதான் உறுத்துகிறது. காப்புரிமை கிடைக்காத பொருளுக்குப் பெரிய ஆய்வு நடத்த எந்த மருந்து நிறுவனம் முன்வரும்? அதற்குள் 2020இல் அட்டிசோலிசுமாப், பெவாசிசுமாப் என்ற இரு மருந்துகளின் கூட்டு சோராஃபெனிப்பை முந்திவிட்டது. பழைய மாத்திரையோடு வைட்டமின் சியைச் சேர்த்துச் சோதித்தால் கிடைக்கும் விடை, இன்று அந்தக் கூட்டு மருந்தில் இருக்கும் நோயாளிக்குப் பொருந்துமா என்பதைத் தனியாகத்தான் சோதிக்க வேண்டும்.