தேநீர் முக்காலி

தூத்துக்குடி வீடுகளில் தேநீர் அருந்தும் மூலைக்கென முக்காலியோ டீப்பாயோ தேர்ந்தெடுப்பவர், அழகுக்கு முன்பாக உப்புக் காற்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். உப்பளங்களும் கடலும் சூழ்ந்த இந்நகரில் காற்றோடு வரும் உப்பு ஈரத்தை இழுத்துத் தேக்கிக்கொள்வதால், இரும்பு ஆணி விரைவில் துருப்பிடித்து, அதன் கறை மரத்தில் கருமையாக ஊறிப் பொருத்து தளர்ந்துவிடுகிறது. எனவே ஒரு சட்டத்தின் முனையைச் செதுக்கி மற்றொன்றின் துளையில் இறுக்கும் கழுந்துப் பொருத்தே இங்கு உயர்ந்த வேலை. திருகாணி தவிர்க்க முடியாத இடத்தில் பித்தளை போதும். எந்தப் பொருத்து, எந்தத் திருகாணி என்பதை அறிய முக்காலியைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்ப்பதே சிறந்த வழி.

மரத்தில், இயல்பாகவே எண்ணெய்ப் பசையுடைய தேக்குக்கு ஈடில்லை. மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் அமைவதால் மேடுபள்ளமான பழந்தரையிலும் முக்காலி ஆடாமல் நிற்கும்; எனினும் இரு கால்களுக்கு இடைப்பட்ட விளிம்பில் பாரம் விழுந்தால் அது சாயக்கூடும் என்பதால், கால்கள் பலகையின் விளிம்புவரை விரிந்திருத்தல் நன்று.

வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல்கள் கொழும்புக்கு ஓடிய துறைமுகம் தூத்துக்குடி. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குத் தொழிலாளர் பலர் கப்பலேறியதும் இங்கிருந்தே. அத்தகைய ஊரில் தேநீருக்கென ஒரு நல்ல மரச்சாமான் அமைவது மிகப் பொருத்தமானது. அதன் பூச்சிலும் கவனம் தேவை: அரக்கைச் சாராயத்தில் கரைத்துப் பூசும் பாலிஷ், சூடான டம்ளர் பட்ட இடத்தில் வெண்வளையமாக வெளுப்பதால், மேற்பலகைக்கு எண்ணெய்ப் பூச்சே ஏற்றது.